மூன்றுகால் சட்டியின் எடை

கோயமுத்தூருக்கு வடக்கே, சரவணம்பட்டி தாண்டி, ஒரு காலத்தில் சோளக்காடாகக் கிடந்த இடத்தில், வெண்முகில் என்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது, அதில் நாற்பது வீடுகள், நாற்பது வீட்டு வாசலிலும் நாற்பது செருப்பு அலமாரி, நாற்பது அலமாரி மேலும் நாற்பது சிரிக்கும் புத்தர், அந்த நாற்பது புத்தருக்கும் நடுவே மூன்றாம் மாடியில் ஒரு சூனியக்காரி இருந்தாள் என்று நான் சொன்னால் அவளே கோபித்துக்கொள்வாள், ஏனென்றால் அவள் சூனியக்காரி இல்லையாம், விக்காவாம். பெயர் அபர்ணா. கம்பெனிகளுக்குப் போய் ஊழியர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை பார்த்தவள், ஆறே வாரத்தில் இன்டர்நெட்டில் படித்து, நிலாவையும் பூமித்தாயையும் கும்பிடும் விக்கா என்ற வெள்ளைக்கார மதத்தில் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு ஷூ அலமாரிக்கு மேலே மாட்டியிருந்தாள். விக்காவை மனசாரக் கும்பிடுகிறவர்கள் எங்காவது இருப்பார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மருதமலையில் கூட்டம் நெரிகிற ஊரில் இருந்துகொண்டு, நிலாவைப் பார்த்துக் கையெடுக்க ஆறு வாரம் வகுப்புக்குப் போனவளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நான் தேன்மொழி. அபர்ணாவின் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிறேன். கணபதியில் ஒரு பவுண்டரியில் இன்ஸ்பெக்டர் வேலை. வார்த்து வருகிற இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன், கணீரென்றால் லாரிக்கு, லொட்டென்றால் திரும்ப உலைக்கு. வீட்டில் என் மாமியார் நாச்சாயி, போன வருஷம் தை மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து படுக்கையில். கணவர் மஸ்கட்டில், வருஷத்துக்கு இருபது நாள் வந்து அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போவார். காலையிலிருந்து மூன்று மணி வரை ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள், மூன்று மணிக்கு மேல் நான், மூன்று மணிக்கு மேல்தான் அத்தைக்கு எல்லாமே வரும்.

வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை அபர்ணா கையில் ஒரு பிரின்ட் அவுட்டோடு வந்தாள். "தேன்மொழிக்கா, எனக்கு ஒரு கால்ட்ரன் வேணும். காஸ்ட் அயர்ன். மூணு கால் இருக்கணும், கன்னி, தாய், கிழவின்னு தேவியோட மூணு ரூபம். வயிறு உருண்டையா இருக்கணும், அது கர்ப்பம். மூடி இருக்கணும், தூக்கப் பிடி இருக்கணும். அமெரிக்காவுல இருந்து வரவழைக்கலாம்னு பார்த்தேன், ரெண்டு மாசம் ஆகுமாம்."

அவள் நீட்டிய படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அது எங்கள் பவுண்டரிச் சட்டி, எங்கள் ஆட்கள் கணபதியில் அச்சு மண்ணைக் குத்தி வார்த்து, பெட்டியில் அடைத்துத் தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்புவது, அதைத்தான் அமெரிக்காக்காரன் பிறை நிலா ஸ்டிக்கர் ஒட்டி இவளுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தான். கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் முப்பது சட்டி வரிசையாக நின்றன. தட்டிக் காட்டினேன், இதைக் கேள், கணீர், இதை எடுத்துக்கொள், சுவர் ஒரே கனம், கால் மூன்றும் தரையில் சமமாக உட்காருகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கைகளை நீட்டியபடி நடந்தாள், அச்சு குத்திக்கொண்டிருந்த மோல்டர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், மூலையில் ரிஜெக்ட் குவியலில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக் கிடந்த ஒரு சட்டியின் மேல் போய்க் கை வைத்தாள்.

"இது என்னைக் கூப்பிடுது."

"அது உலைக்குப் போகக் கெடக்குதும்மா. இரும்புக்குள்ள காத்து மாட்டியிருக்குது. தட்டுனா சத்தமே வராது."

"அதான்க்கா. இது பேசாது. வாங்கிக்கும்."

இருபத்திரண்டு வருஷம் இரும்பைத் தட்டிப் பிழைத்தவள் ஒரு பக்கம், ஆறு வாரம் படித்தவள் ஒரு பக்கம். ரிஜெக்ட் சட்டி ஜெயித்தது. ஏழு கிலோ, நானேதான் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுவந்தேன்.

புது இரும்பைப் பழக்க வேண்டும், மூன்று நாள் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றி வை, பிறகு நல்லெண்ணெய் தடவி அடுப்பில் காயவிடு, வெங்காயம் வதக்கிக் கொட்டு, சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் விடாதே, விரிசல் விட்டுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவளுடைய பிரின்ட் அவுட்டில் உப்புத் தண்ணீரால் சுத்திகரிக்கச் சொல்லியிருந்தது. பழக்காத வார்ப்பிரும்பில் கல்லுப்புத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி வைத்தாள், மறுநாள் காலையில் சட்டி செங்கல் நிறத்தில் துருவேறி நின்றது, அவள் அதைப் படம் பிடித்துக் குடியிருப்பு வாட்சாப்பில் 'தேவியின் ரத்தம் கசிகிறது' என்று போட்டாள், முப்பத்தொரு பேர் கைகூப்பினார்கள். அதில் ஒருவர் மெட்டலர்ஜி படித்தவர். இரும்பு படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் நானே போய்த் தேய்த்து, எண்ணெயிட்டு, பழக்கிக் கொடுத்தேன். அடியில் இரண்டு விரல் உயரம் மணலைப் பரப்பு, இல்லாவிட்டால் தரை டைல்ஸ் வெடிக்கும் என்றும் சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் கேட்டாள்.

ஆனி மாதப் பௌர்ணமிக்கு முதல் பூஜை. நிலா கிளம்ப ஏழு மணி ஆகும், அதற்குள் பிள்ளைகளுக்கு டியூஷன், கணவர்களுக்குச் சப்பாத்தி என்பதால், வெயில் தணியாத ஐந்தரை மணிக்கே திரையை இழுத்துவிட்டு நிலாவை வரவழைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலம் பிரிஞ்சி இலை கொடுத்திருந்தாள். வாழ்க்கையை விட்டுப் போக வேண்டியதை இலையில் எழுதிச் சட்டிக் கரியில் போட்டால் எரிந்து போய்விடும். கற்பூரம் கூடாது, போட்டால் மாரியம்மன் கோயில் மாதிரி ஆகிவிடுமாம். பத்தொன்பது பேர் எழுதிப் போட்டார்கள், எல்லாம் இங்கிலீஷில், தேவிக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ என்ற பயத்தில். கட்டடம் முழுக்கப் பிரியாணி வாசம் அடித்தது. கீழே படுத்திருந்த அத்தை, "ஆரு ஊட்ல கறிச்சோறு?" என்று கேட்டார்.

இப்படியெல்லாம் இவர்களைப் பேசுகிற நானும் ஓர் இலை போட்டேன். ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நாலு தடவை படுக்கை மாற்றினேன், ஊட்டின கஞ்சியை அத்தை என் மேலேயே துப்பினார், முதுகுப் புண்ணைத் துடைக்கும்போது மஸ்கட்டில் இருக்கிற மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இவ என்னக் கொல்றாடா என்று கத்தினார். சமையலறையில் அந்த இலைப் பொட்டலம் இருந்தது. பென்சிலை எடுத்து, ரிஜெக்ட் சீட்டில் எழுதுகிற அதே கையெழுத்தில், தமிழில், 'அத்தை சீக்கிரம் போய்ச் சேரட்டும்' என்று எழுதினேன். மறுநாள் பௌர்ணமிக் கும்பலில் பேசாமல் நின்று சட்டியில் போட்டுவிட்டு வந்து, அத்தைக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். அன்றைக்கு ஒரு வாய்கூடத் துப்பாமல் சாப்பிட்டார்.

அதற்கு மறுநாள் சாம்பல் கொட்டப் போன அபர்ணாவால் சட்டியைத் தூக்க முடியவில்லை. அவள் புருஷனும் பிடித்தான், வாட்ச்மேனும் பிடித்தார், மூன்று பேரும் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை. எழுதிப் போட்டது எதுவும் எங்கேயும் போகவில்லை, புகை மட்டும்தான் போயிருந்தது, மற்றதெல்லாம் சட்டியிலேயே தங்கிவிட்டது. வார முடிவில் எங்கள் படுக்கையறைக் கூரை இறங்க ஆரம்பித்தது. விரிசல் இல்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, ஈரத்துணியில் எதையோ போட்டுத் தொங்கவிட்ட மாதிரி கான்கிரீட் நிதானமாக இறங்கி வந்தது, அதன் நடுவே சட்டியின் மூன்று கால்களும் துருத்திக்கொண்டு தெரிந்தன. அத்தை அதைப் படுத்தபடியே பார்த்தார். "மாட்டு மடியாட்டமே இருக்குது. ஒரு காம்பு கொறையுது," என்றார். ஃபேனைக் கழற்றினேன்.

அசோசியேஷன் செயலாளர் ஜெகந்நாதன் டேப்போடு வந்தார். பொதுப்பணித்துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர், அவர் கட்டின பாலத்தின் மேல் அவர் போகமாட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அளந்தார், ஒன்பது அங்குலம். "உங்க சீலிங் பத்தடிம்மா, மனுசனுக்கு ஏழடி போதும், இன்னும் மார்ஜின் இருக்கு" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். வாட்சாப்பில் ஓட்டெடுப்பு வைத்தார்கள், சட்டியை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று, முப்பத்தாறு பேர் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் தவறிப்போய்ப் பிறந்தநாள் வாழ்த்து, இருவர் பார்க்கவில்லை, வேண்டாம் என்றது நான் ஒருத்தி. பூஜைக்கு டோக்கன் வந்தது, கோபத்துக்குத் திங்கள், கடனுக்குப் புதன், உடல் எடைக்கு வெள்ளி. அபர்ணாவின் வீட்டுத் தரை சட்டியை நோக்கிச் சரிந்துபோனதால் குழந்தைகள் அங்கே பந்து உருட்டி விளையாடினார்கள், பெரியவர்கள் சரிவில் படுத்தால் முதுகுவலி குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். மூன்றாம் மாடியில் வீடு வாங்க ஆள் கேட்டு வந்தது. எங்களை மாதிரி இரண்டாம் மாடிக்காரர்கள் உயரம் குறைந்த கட்டில் வாங்கிக்கொள்ளும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், அதன் கீழேயே விநாயகர் சதுர்த்தி நன்கொடைப் பட்டியலும் ஒட்டியிருந்தது. இவர்கள் தலையில் வானமே இடிந்து விழுந்தாலும், அதற்கு ஒரு கமிட்டி போட்டு, டீயும் பிஸ்கட்டும் வைத்துவிடுவார்கள்.

"நெகட்டிவா யோசிக்காதீங்கக்கா," என்றாள் அபர்ணா. "நீங்க பயந்தா அந்த பயம்தான் கீழ இறங்கும்."

"பயம் இறங்கலம்மா. உன்ற சட்டிதான் இறங்குது. கீழ ஒரு உசுரு கெடக்குது."

"அவங்களையும் மேல கூட்டிட்டு வாங்களேன். ஹீலிங் பண்ணிடலாம்."

அத்தையின் கட்டிலை ஹாலுக்கு மாற்றினேன். விடிந்து பார்த்தால் படுக்கையறைக் கூரை பழையபடி தட்டையாக இருந்தது, ஹால் கூரை இறங்கியிருந்தது, அத்தையின் மார்புக்கு நேர் மேலே. மூன்று பேர் சேர்ந்து அசைக்க முடியாத சட்டி, மேலே டைல்ஸில் மூன்று கோடு கிழித்துக்கொண்டு தானாகவே ஹாலுக்கு வந்து நின்றிருந்தது. தேவி புது இடம் தேர்ந்துகொண்டாள் என்று அபர்ணா மாலை போட்டாள். சமையலறைக்கு மாற்றினேன், அங்கேயும் வந்தது. முப்பது நாற்பது இலை போட்டிருக்கிறார்கள், தொப்பை, தூக்கமின்மை, ஆபீஸ் மேனேஜர், அதெல்லாம் என் அத்தையைத் தேடி ஏன் வர வேண்டும். வேலை பார்க்கிற இடத்தில் ஒரு சட்டி எதனால் கனக்கிறது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிற நான், வீட்டில் அதைத் தெரியாத மாதிரி கட்டிலை இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசியில் மாலினி டீச்சருக்கும் அபர்ணாவுக்கும் டோக்கன் சண்டை வந்தது. மாலினி டீச்சர் நாலாம் மாடி, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர், அன்பே உருவானவர் என்று பெயர் வாங்கியவர். எல்லார் முன்னாலும் கத்தினார், "உனக்குத் தெரியுமா, மொத பௌர்ணமிக்கு நான் என்ன எழுதினேன்னு? நீ மாடிப்படியில உருண்டு உன் பல்லு முப்பத்திரண்டும் கொட்டணும்னு எழுதினேன்டி!" அந்த நொடியில் மேலே சட்டி லேசாகத் துள்ளி உட்கார்ந்ததாம். கீழே நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரை அரை அங்குலம் மேலே போனது. கூரை அப்போது அவ்வளவு மெலிந்து போயிருந்தது, மேலே ஒருவர் தும்மினால் கீழே கேட்கும், அதனால் டீச்சர் சொன்னதை நானும் அத்தையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டோம். "வாத்திச்சிக்கு வாயப் பாரு," என்றார் அத்தை சந்தோஷமாக.

ஆக, போட்டவர்கள் போட்டதை வாய்விட்டுச் சொன்னால் எடை குறையும். ஜெகந்நாதனிடம் போய்ச் சொன்னேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம், அத்தையின் மூக்குக்கும் கூரைக்கும் ஒன்றரை முழம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அபர்ணா வீட்டில் கூட்டம், உளுந்து வடை ஏற்பாடு. அவள் சமையலறையிலும் அதன் வாசலிலுமாக முப்பத்தெட்டுப் பேர் சட்டியைச் சுற்றிச் சரிவில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் முதலில் சொன்னார், உலக சமாதானம் வேண்டும் என்று எழுதினாராம். அடுத்தவர் தன் அகங்காரத்தை எரித்தாராம். ஒருவர் பிளாஸ்டிக் பைகளை, ஒருவர் சர்க்கரை போட்ட காபியை. தம்பி பெயரில் இருக்கும் நிலத்துக்காகத் தம்பி லாரியில் அடிபட வேண்டும் என்று எழுதினவன் யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அவன் கையைக் கட்டிக்கொண்டு, "காலையில சீக்கிரம் எந்திரிக்கணும்னு எழுதினேனுங்க" என்றான். அபர்ணா, "நான் என்னோட பெர்ஃபெக்ஷனிசத்த விட்டேன்" என்றாள். சட்டி ஒரு நூல் அசையவில்லை, ஒவ்வொரு பொய்க்கும் இன்னும் கொஞ்சம் அழுந்தியதுதான் மிச்சம். கீழேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "புள்ள, மூச்சு முட்டுது."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாரோ வடைத் தட்டை நகர்த்தி வைத்தார்கள். எனக்கு இவர்கள் எல்லாரையும் ஒருசேர உலையில் தள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த அறையில் வாயைத் திறக்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். பொய் சொன்னவர்களாவது பொய் சொன்னார்கள்.

"என் இலை தமிழ்ல எழுதினது," என்றேன். சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கீழே கேட்கும் என்று தெரியும், ஒவ்வோர் எழுத்தும் கேட்கும், மெதுவாகச் சொன்னால் எடை குறையுமா என்றுகூட ஒரு கணம் கணக்குப் போட்டேன், அவ்வளவு கேவலமான மனசு. பிறகு சத்தமாகவே சொன்னேன். "ஆடி மாசம், எங்க அத்தை சீக்கிரம் செத்துப் போகணும்னு எழுதிப் போட்டேன்."

சட்டி கணீரென்றது. உள்ளே காற்று மாட்டின ரிஜெக்ட் சட்டி, யாரும் தட்டாமல், முதல் தரமான வார்ப்பு மாதிரி ஒலித்தது. சரிந்திருந்த தரை நிமிர்ந்தது, பிடித்துக்கொண்டு நின்ற முப்பத்தெட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அபர்ணா ஒரு கையால் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். கை தட்டினார்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள், தம்பி லாரியில் அடிபட எழுதினவனும் தட்டினான். செயலாளர் இதை மினிட்ஸில் பதிவு செய்யலாமா என்று கேட்டார். "பவர்ஃபுல்க்கா, நீங்கதான் உண்மையான விக்கா" என்று அபர்ணா கண் கலங்கிக் கட்டிப்பிடிக்க வந்தாள், அவள் கையைத் தட்டிவிட்டுப் படியிறங்கினேன். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் அப்படியே வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்று நினைத்தேன்.

சமையலறைக் கூரை உயரே போயிருந்தது. முழுக்க இல்லை, அத்தைக்கு நேர் மேலே ஒரு சாண் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. அத்தை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். நான் கேஸ் அடுப்புப் பக்கம் போய் நின்றேன், ஏதோ பாத்திரத்தை எடுத்தேன்.

"வெச்சுட்டு வா."

வந்தேன்.

"அவியகிட்டச் சொன்னதெல்லாம் இருக்கட்டும். என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

குனிந்து முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகக் கழுவித் துடைக்கிற முகம், நான் அதைச் சரியாகப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "நீங்க செத்துப் போகணும்னு நெனச்சேனுங்க அத்தை," என்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

அத்தை விரலை மடக்கி மாதத்தை எண்ணினார்.

"இந்த ஆடியிலதானா?"

"ஆமாங்க."

"நான் போன ஆடியிலயே நெனச்சிருப்பீன்னு இருந்தேன்," என்றார். "பரவால்ல, ஒரு வருசம் தாங்கிட்ட."

மேலே இன்னும் கை தட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், ஆனால் கான்கிரீட் பழைய கனத்துக்கு வந்துவிட்டதால் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் கூரையைப் பார்க்கவில்லை. அத்தை கையை நீட்டினார்.

"முதுகு எரியுது. திருப்பி உடு."

"எந்தப் பக்கமுங்க?"

"செவுத்துப் பக்கம் வேண்டாம்," என்றார்.